எங்கள் வீட்டு ரயில் பைத்தியங்கள்

ரயில் பைத்தியங்களை அடையாளம் காண்பது சுலபம். ரயில் வந்து நின்றதும் எல்லோரும் தங்கள் பெட்டியைத் தேடி ஓடுவார்கள். இவர்கள் மட்டும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், என்ஜினைப் பார்க்க ஓடுவார்கள். திரும்பி வரும்போது கையில் தண்ணீர் பாட்டிலோ வாழைப்பழமோ இருக்காது; சின்ன நோட்டில் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும். மூட்டை முடிச்சுகளுக்குக் காவலாக முப்பது வருடத்துக்கு மேல் பிளாட்பாரத்தில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். என் கணவர் அந்த வர்க்கம். என் பெண் அவரையும் தாண்டியவள்.

எனக்குக் கல்யாணமானது 1993-ல். பிறந்த ஊர் பழனி, புகுந்த ஊர் பொள்ளாச்சி. இரண்டுக்கும் நடுவில் அப்போது மீட்டர் கேஜ் பாதை. பெண் பார்க்க ரயிலில்தான் வந்தார்கள். "பிரயாணம் சௌகரியமா இருந்துச்சுங்களா?" என்று என் அப்பா மரியாதைக்குக் கேட்டார். மாப்பிள்ளை அதை நிஜக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, உடுமலைப்பேட்டையில் எத்தனை நிமிடம் நின்றது, எதிர் ரயில் எங்கே கடந்தது, என்ஜின் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று விலாவாரியாகப் பதில் சொன்னார். "பையனுக்கு ரயில்வேயில வேலையா?" என்று என் பெரியம்மா காதோடு கேட்டார். கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார் என்றதும் பெரியம்மாவுக்கு ஏற்பட்ட குழப்பம் அவர் சாகும்வரை தீரவில்லை.

தேனிலவுக்கு ஊட்டி. கார் வேண்டாம், மலை ரயில்தான் என்றார். எனக்கும் சந்தோஷம். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். குகைக்குள் இருட்டும்போதெல்லாம் புதுத் தம்பதிகள் இருந்த பெட்டியில் கூச்சல் எழும். என் பக்கத்தில் இருந்தவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பின்னால் இருந்து ரயிலைத் தள்ளிக்கொண்டு வரும் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹில்குரோவில் எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள். அவர் என்ஜின் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கப் போய்விட்டார். ஊட்டி தாவரவியல் பூங்காவில் என்ன பார்த்தோம் என்பது எனக்கு மறந்தே போயிற்று. பல் வைத்த தண்டவாளம் கல்லாறில் ஆரம்பித்துக் குன்னூரில் முடிகிறது என்பது மட்டும் மறக்கவில்லை.

குடித்தனம் ஆரம்பித்த பிறகுதான் சீர்வரிசையின் மறுபாதி தெரிந்தது. இரும்பு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய கால அட்டவணைகள். தென்னக ரயில்வேயின் கனத்த புத்தகம், 1977-லிருந்து ரயில்வே வெளியிட்டு வந்த 'டிரெயின்ஸ் அட் எ கிளான்ஸ்' அடுக்கடுக்காக. இன்னொரு டப்பாவில் அட்டை டிக்கெட்டுகள். 19-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட்சன் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்த, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான அந்தக் கெட்டி அட்டைகளை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். கவுண்டரில் ஒரு இரும்பு எந்திரத்துக்குள் விட்டு 'டக்' என்று இழுத்தால் தேதி பதிந்துவிடும். இறங்கும் ஊரில் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எனவே ஒவ்வொன்றையும் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். நகைக்கு லாக்கர் கிடையாது, டிக்கெட்டுக்கு நாப்தலின் உருண்டை உண்டு என்ற நிலை எங்கள் வீட்டில் ரொம்ப நாள் இருந்தது.

இந்தப் பைத்தியத்தை ஏதோ தனிமனிதக் கோளாறு என்று நினைத்திருந்த எனக்கு, இது ஒரு உலகளாவிய சமூகம் என்று புரியப் பல வருடங்கள் ஆயின. இங்கிலாந்தில் 1942-ல் இயன் ஆலன் என்ற இளம் ரயில்வே குமாஸ்தா, என்ஜின்களைப் பற்றி விவரம் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதிச் சலித்து, எல்லா எண்களையும் சின்னப் புத்தகமாகப் போட்டார். அது விற்றுத் தள்ளியது. ஒரு தலைமுறைச் சிறுவர்கள் பிளாட்பார ஓரத்தில் பென்சிலோடு நின்றார்கள். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் 1989-ல் இந்திய ரயில் ரசிகர்களுக்கென ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஜப்பானில் இவர்களுக்கு உட்பிரிவுகளே உண்டு. படம் எடுப்பவர் 'டோரி டெட்சு', பயணம் செய்வதற்காகவே பயணம் செய்பவர் 'நோரி டெட்சு', சத்தத்தைப் பதிவு செய்கிறவர் 'ஓட்டோ டெட்சு'. பிள்ளைகளுக்கு ரயில் காட்டக் கூட்டிப் போய்த் தானும் அதில் விழுந்துவிட்ட அம்மாவுக்கு 'மாமா டெட்சு' என்று பெயர். ஜப்பானியக் குழந்தைகள் அம்மாவை மாமா என்று கூப்பிடுமாம். என் பெண் இந்தத் தகவலைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பட்டப்பெயர். வீட்டுக்கு வந்த என் தம்பி, தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று இரண்டு முறை எழுந்து போனான்.

வாரிசு என்று வரும்போது, இவர் முதலில் நம்பியது மகனைத்தான். 1996-ல் பிறந்தவன். பொம்மை ரயில், ரயில் படம் போட்ட சட்டை, தண்டவாளம் வரைந்த பிறந்த நாள் கேக் எல்லாம் ஆயிற்று. இங்கிலாந்துப் பாதிரியார் ஆட்ரி அம்மையில் படுத்திருந்த தன் மகனுக்குச் சொன்ன ரயில் கதைகள்தான் பிறகு 'தாமஸ்' என்ற பேசும் என்ஜினாக உலகம் சுற்றின என்பது இவருக்குப் பிடித்த கதை. அந்த மகனே வளர்ந்து அப்பா விட்ட இடத்திலிருந்து கதைகளை எழுதினார் என்பதை அழுத்திச் சொல்வார். எங்கள் மகனுக்கும் அம்மை போட்டது. இவரும் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னார். அவன் ரேடியோவில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டான். இன்றுவரை அவனுக்கு ரயில் என்பது சீக்கிரம் போக வேண்டிய ஊருக்குத் தாமதமாகப் போகும் வண்டி.

பெண் 2002-ல் பிறந்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அண்ணனுக்குச் சொன்னதை எல்லாம் தரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

அது தெரிய வந்தது முதலமடையில். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம்; கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. நெல்லியாம்பதி மலை சுவர் மாதிரி நிற்கும். கீழே மாந்தோப்புகள். மற்ற இடங்களில் மாமரம் பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே ஜனவரியில் காய் பறித்து வடக்கே ஏற்றுமதி ஆரம்பித்துவிடும். பரம்பிக்குளம் காடு இந்த ஊர் பஞ்சாயத்தில் சேர்ந்தது. ஆனால் வண்டியில் அங்கே போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். பேச்சும் அப்படியே, பாதி தமிழ், பாதி மலையாளம், எது எங்கே முடிகிறது என்று பேசுகிறவருக்கே தெரியாது.

பொள்ளாச்சிக்கு 1915-லேயே போத்தனூர் பக்கமிருந்து ரயில் வந்துவிட்டது. பாலக்காட்டுப் பாதை 1932-ல் திறந்தது. அந்தப் பாதையில் இருக்கும் சின்ன நிலையம்தான் முதலமடை. மற்ற நிலையங்களில் தகரக் கூரை இருக்கும் இடத்தில் இங்கே ஆலமரங்கள். விழுதுகள் பிளாட்பாரத்தின் மேல் தொங்கும். 2004-ல் பிரியதர்ஷன் 'வெட்டம்' படத்தை இங்கே எடுத்த பிறகு ஊர் பெயர் மலையாளிகள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

நாங்கள் போனது 2008 நவம்பர். மீட்டர் கேஜ் பாதைகளை எல்லாம் அகலமாக்கும் திட்டம் 1992-ல் ஆரம்பித்தது. எங்கள் பாதைக்கு முறை வந்து, டிசம்பரோடு ரயில் நிற்கப் போகிறது என்றார்கள். 'கடைசியா ஒரு தடவை' என்று குடும்பத்தோடு பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குக் கிளம்பினோம். என் மாமியாரும் உண்டு. ரயில் ஓட ஆரம்பித்ததும் இவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு தண்டவாளத் துண்டின் நீளம் 12 மீட்டர். இணைப்பின்மேல் சக்கரம் ஏறும்போது 'டக்' என்று கேட்கும். 43 விநாடியில் எத்தனை 'டக்' கேட்கிறதோ அதுதான் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். நான் கணக்கு டீச்சர். இருந்தும் இவர் சொன்னபோது நம்பாமல் டிக்கெட்டின் பின்னால் பெருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. (அகல ரயில்பாதையில் துண்டு 13 மீட்டர், ஆகவே 47 விநாடி. இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுவதால் அந்தச் சத்தமே பல இடங்களில் இல்லை.)

மகன் எண்ண மறுத்தான். ஆறு வயதுப் பெண் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு எண்ணினாள். 38 என்றாள். அப்பாவின் எண்ணிக்கை 37. "நீங்க ஒண்ணு விட்டுட்டீங்கப்பா" என்றாள். அவர் முகத்தில் நான் பார்த்த பூரிப்பு, அவருக்கு உத்தியோக உயர்வு வந்தபோதுகூட இருந்ததில்லை.

முதலமடையில் ரயில் நின்றபோது இறங்கி ஒரு படம் எடுத்துக்கொண்டோம். என் மாமியார் ஆலம்விழுதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஒய்.டி.எம்-4 என்ஜினின் மூக்கு.

இந்த எழுத்துகளை எங்கள் வீட்டில் அரிச்சுவடி மாதிரி படிக்க வேண்டும். முதல் எழுத்து பாதையின் அகலம்: டபிள்யூ என்றால் அகலப் பாதை, 1,676 மில்லிமீட்டர்; ஒய் என்றால் மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர்; இசட் என்றால் குறுகிய பாதை. இரண்டாவது எழுத்து எரிபொருள்: டி என்றால் டீசல், ஏ என்றால் மாறுதிசை மின்சாரம். இரண்டாவது இடத்தில் அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் அது நீராவி. மூன்றாவது, வேலை: பி பயணிகளுக்கு, ஜி சரக்குக்கு, எம் இரண்டுக்கும். இதைத் தெரிந்துகொண்டபின் என்ஜினின் நெற்றியில் எழுதியிருப்பது வெறும் எழுத்தாகத் தெரியாது, ஜாதகமாகத் தெரியும். கடைசிப் பெட்டியின் முதுகில் மஞ்சள் நிறத்தில் பெரிய பெருக்கல் குறி இருக்குமே, அதையும் பெண்ணுக்கு அன்றுதான் விளக்கினார். ரயில் கடந்து போகும்போது ஸ்டேஷன் மாஸ்டர் அந்தக் குறியைப் பார்த்தால்தான் முழு ரயிலும் வந்துவிட்டது, வழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று அர்த்தம். அதன் பிறகு எந்த லெவல் கிராஸிங்கில் நின்றாலும் கேட் திறக்கும்வரை காத்திருந்து, "எக்ஸ் இருக்குது, போலாம்" என்று அவள் சொன்னால்தான் இவர் ஸ்கூட்டரைக் கிளப்புவார்.

பிறகு ஏழு வருடம் அந்தப் பாதையில் ரயில் இல்லை. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், மண் கொட்டினார்கள், வேலை நின்றது, மறுபடி நடந்தது. ரயில் வராத நிலையத்தில் ஆலமரம் மட்டும் வளர்ந்தது. 2015 நவம்பரில் பெரிய ரயில் ஓட ஆரம்பித்தபோது இவர் லீவு போட்டார். பெண்ணுக்குப் பதிமூன்று வயது, பரீட்சை இருந்தது. "டாக்டர் சர்டிபிகேட் வாங்கிடலாமா?" என்று அப்பனும் மகளும் என்னைக் கேட்டார்கள். நான் டீச்சர் என்பதை மறந்து கேட்டிருப்பார்கள்.

இதுவரை சொன்னது சிரிப்புக்கு. ஒரு ஆணின் பொழுதுபோக்கு ஒரு பெண்ணின் கைக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதில்தான் சிக்கல்.

இவர் இளைஞராக இருந்தபோது ராத்திரி ஒரு மணிக்கு ஏதோ அபூர்வ என்ஜின் வருகிறது என்று ஸ்டேஷனுக்குப் போவார். அம்மா திட்டுவார், அவ்வளவுதான். பெண் கல்லூரியில் சேர்ந்த பிறகு சின்ன கேமரா ஒன்று வாங்கினாள். தனியாக ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தாள். என் மாமியார் முதலிலேயே சொன்னார்: "பொட்டப்புள்ளைய ரயிலடியில கொண்டுபோய் நிறுத்தறீங்களே, நாளைக்குக் கேக்கறவங்களுக்கு என்ன சொல்றது?" இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாமியார் எதைச் சொன்னாலும் மறுப்பது என் வழக்கம். இதை என்னால் மறுக்க முடியவில்லை.

ஒரு பெரிய ஜங்ஷன். பட்டப்பகல். பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு, பிளாட்பாரத்தின் கோடியில், மஞ்சள் கோட்டுக்கு நன்றாக இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இருபது அடி தள்ளி மூன்று பையன்களும் கேமராவோடு நின்றார்கள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் பையன்களைத் தாண்டி இவளிடம் வந்தார். யாரை வழியனுப்ப வந்தாய்? யாருக்காகக் காத்திருக்கிறாய்? அப்பா நம்பர் கொடு. ரயில் பார்க்க வந்தேன் என்று இவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. ரயில் பார்க்கவென்று ஒரு பெண் வருவாள் என்பதற்கு அவர் மனதில் இடமே இருந்திருக்காது. பையன்களிடம் ஒரு கேள்வியும் கிடையாது. அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழவில்லை. கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இனிமே நான் கூட வர்றேன் கண்ணு, ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார் இவர். "அதுதாங்கப்பா பிரச்சினையே" என்றாள். அவருக்கு அது புரிய ஒரு வாரம் ஆயிற்று.

பொழுதுபோக்குக்காரர்களின் உலகமும் பெண்ணுக்கு உடனே கதவைத் திறந்துவிடவில்லை. சந்தித்துக்கொள்ளும்போது நாற்பது ஆண்கள், இவள் ஒருத்தி. எல்லோரும் நல்ல பையன்கள்தான். 'தங்கச்சி' என்பார்கள், உட்கார இடம் கொடுப்பார்கள், பிறகு அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை அரைமணி நேரம் விளக்குவார்கள். வழக்கமான ஷெட்டை விட்டு வேறு ஷெட் என்ஜின் வந்தால் அதை 'ஆஃப்லிங்க்' என்று சொல்வது இவர்கள் பாஷை. "நான்தான் அந்தக் கூட்டத்துல ஆஃப்லிங்க்" என்பாள் இவள். சதாராவைச் சேர்ந்த சுரேகா யாதவ் 1980-களின் கடைசியில் என்ஜின் ஓட்டும் வேலைக்கு வந்து, 2023-ல் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத்தையே ஓட்டிவிட்டு, 2025-ல் ஓய்வும் பெற்றுவிட்டார். ரயிலை ஓட்டும் பெண்ணை நாடு முப்பத்தைந்து வருடமாகப் பார்த்துவிட்டது. ரயிலைப் பார்க்கும் பெண்ணைத்தான் இன்னும் பார்க்கவில்லை.

கேமரா இரண்டு மாதம் பீரோவில் கிடந்தது. மூன்றாவது மாதம் நான்தான் சாவியை எடுத்தேன். "நான் வர்றேன். எங்கிட்ட எதையும் விளக்கக் கூடாது, நானும் உன்கிட்ட எப்போ கிளம்பலாம்னு கேக்க மாட்டேன்" என்று ஒப்பந்தம். முதலில் எங்கே போகலாம் என்றேன். கூட்டமில்லாத இடம் வேண்டும் என்றாள். பொள்ளாச்சிக்குப் போய், அங்கிருந்து கோவிந்தாபுரம் வழியாக முதலமடைக்குப் போனோம்.

ஒரு நாளில் அந்தப் பாதையில் போகும் ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனவே காத்திருப்புதான் முக்கிய வேலை. ஆலமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நான் விடைத்தாள் திருத்தினேன். இவள் வெளிச்சம் எப்படி நகர்கிறது என்று பார்த்தாள். மாங்காய்த் தோப்பில் வேலை முடிந்து போன பெண்கள் இரண்டு பேர் நின்று, தமிழும் மலையாளமுமாக, "எவிடேக்கு போறீங்க?" என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை, ரயில் பார்க்க வந்தோம் என்றேன். அவர்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. கல்யாண ஜோடிகளையும் சினிமாக்காரர்களையும் பார்த்துப் பழகிய ஊர். ஒரு அம்மாள் மடியிலிருந்து இரண்டு மாங்காய் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

திருச்செந்தூர் ரயில் வந்தபோது இவள் எங்கே நின்றாள் தெரியுமா? தண்டவாளத்திலிருந்து அத்தனை தூரம் தள்ளி. நான் பயந்துகொண்டே பார்த்தேன். பயப்பட ஒன்றுமே இல்லை. "ரயில் நம்மகிட்ட வரும், நாம ரயில்கிட்டப் போகக் கூடாது" என்றாள். அது அப்பா சொல்லிக் கொடுத்தது. அவர் தலைமுறை ரசிகர்களுக்கு அது வேத வாக்கு. இயன் ஆலன் சிறுவர்களுக்குச் சங்கம் ஆரம்பித்தபோதே, ரயில்வே இடத்தில் அத்துமீற மாட்டேன் என்று உறுதி சொன்னால்தான் உறுப்பினர் என்று வைத்தார். தண்டவாளத்தில் முதுகைக் காட்டி நின்று செல்போனில் தன்னையே படம் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தில் அத்துமீறலுக்கு ஆறு மாதம்வரை சிறை, ஆயிரம் ரூபாய்வரை அபராதம் என்று இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து யாரும் தண்டவாளத்தை விட்டு ஏறுவதாகத் தெரியவில்லை. அவர்களை ரயில் ரசிகர்கள் என்று பத்திரிகைகள் எழுதும்போது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ரத்தக் கொதிப்பு வரும். ரயிலைப் பார்க்கிறவன் ரயிலுக்கு முதுகைக் காட்ட மாட்டான் என்பது இவர் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

மூன்று வருடத்தில் முதலமடைக்குப் பதினொரு முறை போயிருக்கிறேன். வாளையாறு, கல்லாறு, தென்காசிப் பக்கம் பகவதிபுரம் என்று வேறு இடங்களும். ஒப்பந்தத்தை மீறியது நான்தான். விளக்கம் கேட்க ஆரம்பித்தேன். என்ஜின் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெட்டி எண்கள்தான் என் ரசனை. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெட்டி பிறந்த வருடம், கடைசி மூன்று இலக்கம் வகை. 201-லிருந்து 400-க்குள் இருந்தால் படுக்கை வசதி கொண்ட இரண்டாம் வகுப்பு. '02' என்று தொடங்கும் நீலப் பெட்டி வந்தால், "உன் வயசுடி" என்பேன். அந்தப் பழைய ரகப் பெட்டிகளைச் சென்னை பெரம்பூர் தொழிற்சாலை 2018 ஜனவரியோடு செய்வதை நிறுத்திவிட்டது. பெட்டியின் ஆயுள் 25 வருடம் என்று கணக்கு. என் பெண்ணின் வயதுப் பெட்டிகள் இப்போது ஓய்வு பெறும் தறுவாயில் இருக்கின்றன. அதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறாள்.

நான் கூடப் போவது எத்தனை நாளைக்கு? இந்தக் கேள்வியை எங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் இருப்பதால் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை என்பது உண்மை. அதே காரணத்தால் அவள் ரயில் ரசிகை ஆகவில்லை, அம்மாவோடு ஸ்டேஷனுக்கு வந்த பெண்ணாகவே இருக்கிறாள் என்பதும் உண்மை. அப்பா வேண்டாம் என்று சொன்ன அதே நியாயம் எனக்கும் பொருந்தும். பத்தாவது முறை முதலமடை போனபோது இது எனக்கு உறைத்தது. பதினொன்றாவது முறை, அவளைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு நான் வெளியே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மணி நேரம். அவள் என்னைத் தேடவில்லை. நான் நாலு டீ குடித்தேன்.

வேலைக்குப் போய் முதல் போனஸ் வாங்கியதும் அவள் கேட்டது விவேக் எக்ஸ்பிரஸ். 2011-ல் ஆரம்பித்தது, கன்னியாகுமரியிலிருந்து அசாமில் திப்ருகர் வரை நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நாட்டிலேயே நீண்ட தூரம் ஓடும் ரயில். கோயம்புத்தூரில் ஏறி, கடைசி வரை. தனியாக. மாமியார் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். மகன் பெங்களூரிலிருந்து போன் செய்து, "விமானத்துல போனா மூணு நாள் மிச்சமாகுமே" என்றான். அந்த மூன்று நாளுக்காகத்தான் போகிறாள் என்பதை அவனுக்கு விளக்க எங்கள் யாருக்கும் தெம்பில்லை. என் கணவர்தான், ஆச்சரியம், தயங்கினார். ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போன மனிதர். நான் டிக்கெட் போடச் சொன்னேன்.

ஒரே நிபந்தனை: பெரிய ஸ்டேஷன் எது வந்தாலும் எனக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பினாள். நான் எதிர்பார்த்தது 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி. வந்ததெல்லாம் பக்கத்துப் பாதையில் நின்ற என்ஜின்களின் எண்கள். "புள்ள சாப்பிட்டாளான்னு ஒரு வார்த்தை இல்லையே" என்று மாமியார் புலம்பினார். இவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கால அட்டவணையின் வரைபடத்தைக் கூடத்தில் விரித்து, அவள் அனுப்பும் ஊர்களைப் பென்சிலால் வட்டமிட்டார். இரண்டாவது நாள் ராத்திரி மாமியாரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, "இப்ப எங்கே போறா?" என்று கேட்டார்.

திப்ருகரில் இறங்கியதும் போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது, மூன்று நாள் ஜன்னல் காற்று. கீழ்ப் படுக்கையில் இருந்த அசாம்காரப் பாட்டி வழியெல்லாம் பொரி கொடுத்தாராம். எங்கே இறங்குகிறாய் என்று கேட்டாரே தவிர, ஏன் போகிறாய் என்று கேட்கவில்லையாம். "அடுத்த தடவை நீங்களும் வாங்கம்மா. ஆனா அப்பா வேண்டாம், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எழுப்பி விட்டுருவாரு" என்றாள்.

இவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.